துவரம்பருப்பு ரசீது

2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டு நகர்ப்புறம் முழுக்க உள்ளாட்சித் தேர்தல். மாநகராட்சி 21, நகராட்சி 138, பேரூராட்சி 490. நாங்களும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டோம். ஏப்ரல் 1 அன்று சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. கூட்டிப் பாருங்கள், நாற்பத்தொரு நாள். மாலை போட்டு, விரதம் இருந்து, இருமுடி கட்டுகிற கணக்கு. விரதம் இருந்தது நாங்கள், மலையேறியது வரி.

தேதியைப் பார்த்துவிட்டு, ஏப்ரல் ஒண்ணாம் தேதி விளையாட்டாக இருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். அரசாங்கத்துக்கு அவ்வளவு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது. எங்களைப் போன்ற ஊர்களில் 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதற்கு மேல் போனால் 100. கடை கண்ணி வைத்திருந்தால் ஒரேயடியாக 100. கூடவே ஒரு சமாதானமும் வந்தது. மும்பையைப் பாருங்கள், புனேயைப் பாருங்கள், கொல்கத்தாவைப் பாருங்கள், அங்கேயெல்லாம் சென்னையைவிட வரி அதிகம் என்றார்கள். பார்த்தோம். எங்கள் சேரன்மகாதேவியில் வாசல் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற அக்காளும் பார்த்தாள். புனேயில் பீடிக்கு என்ன கூலி கொடுக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அட்டவணை அரசாங்கத்தின் கையில் இருந்திருக்காது.

அந்த அக்காளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும், பிறகு உதவும். கம்பெனிக் கடையில் இலையும் தூளும் எடை போட்டுக் கொடுப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை என்று கணக்கு. இலை நைந்தோ கிழிந்தோ பற்றாமல் போனால், கைக்காசு போட்டு வெளியே இலை வாங்கிக் கணக்கை நிரப்பவேண்டியது அவள் பொறுப்பு. கட்டிக் கொண்டுபோனால் கணக்கர் ஒவ்வொரு கட்டாக உருட்டிப் பார்ப்பார். நூல் தளர்ந்தது, முனை மடங்கவில்லை, கழிவு. ஒரு பிடி அள்ளி ஒதுக்கி வைத்துவிடுவார். அதற்குக் கூலி கிடையாது. ஆயிரத்துக்கு ஆயிரம் கணக்குச் சொல்லிப் பிழைக்கிற ஜனம் இது. இதனிடம்தான் கணக்கே சொல்லாமல் காசு கேட்கிறார்கள்.

2022இல் ஏறியதோடு விட்டார்களா? இனி வருஷா வருஷம் ஏறும் என்று விதியே செய்துவிட்டார்கள். ஆண்டுக்கு 6 சதவீதம், அல்லது மாநிலப் பொருளாதாரத்தின் ஐந்தாண்டு சராசரி வளர்ச்சி, இதில் எது கூடுதலோ அது. ‘எது கூடுதலோ அது’ என்ற மூன்று சொல்லை ரசித்துப் படிக்கவேண்டும். வட்டிக்கடைக்காரர் பத்திரத்தில்கூட இவ்வளவு அழகாக எழுதமாட்டார். 6 சதவீதம் என்று மட்டும் வைத்துக்கொண்டாலே பன்னிரண்டு வருஷத்தில் வரி இரட்டிக்கும். மாநிலம் வளர்கிறது, ஆகையால் நீயும் வளர்ந்திருக்கிறாய் என்று தாக்கீது. சுவரில் காரை பெயர்ந்து கிடக்கிற வீட்டுக்குள் வளர்ச்சி எந்த வழியாக நுழைந்தது என்று தெரியவில்லை. ஓடு உடைந்த வழியாக இருக்கலாம்.

மின்சாரத்துக்கு வேறு சூத்திரம். விலைவாசி உயர்வு அல்லது 6 சதவீதம், எது குறைவோ அது. வருஷந்தோறும் ஜூலை 1 முதல், 2026–27 வரைக்கும். 2022 செப்டம்பரில் பெரிய அடியாக அடித்துவிட்டு, பிறகு தவணை முறையில் அடிக்க மின்சார ஒழுங்குமுறை ஆணையம் செய்த ஏற்பாடு. 2024ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலை 10 விக்கிரவாண்டியில் இடைத்தேர்தல். 13ஆம் தேதி முடிவு. 15ஆம் தேதி 4.83 சதவீத உயர்வு. நடைமுறை 1ஆம் தேதியிலிருந்தே! ஏற்கெனவே எரித்து அணைத்துவிட்ட விளக்குக்கும் சேர்த்து உயர்த்திய முதல் நாகரிகம் நாமாகத்தான் இருப்போம். ஆணையம் சுதந்திரமான அமைப்பு, அதற்கும் தேர்தலுக்கும் சம்பந்தமில்லை என்பார்கள். நம்புகிறேன். நானும் சம்பந்தமில்லாமல்தான் தேதிகளைச் சொன்னேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் ஏற்படும் சுமையைக் குறைக்க மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று, ஆட்சியைப் பிடித்த கட்சியின் 2021 தேர்தல் அறிக்கையில் படித்தோம். நான்கு ஆண்டு முடிந்த பிறகும் ரீடிங் எடுக்கிறவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தார். கோடையில் இரண்டு ஃபேன் இரவெல்லாம் ஓடி 500 யூனிட்டை ஒரு யூனிட் தாண்டிவிட்டால், கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் சேர்த்துப் பறிபோகும். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மேலே பாபநாசத்தில் எங்கள் ஆற்றுத் தண்ணீரை உருட்டி 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். தாமிரபரணி மின்சாரமாகப் போய், பில்லாகத் திரும்பி வருகிறது. அந்தப் பில்லை உள்ளாட்சியும் கட்டவேண்டும், ஏனென்றால் உறைகிணற்றிலிருந்து தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவது மோட்டார். மின்கட்டணம் ஏறினால் குடிநீர்க் கட்டணமும் ஏற நியாயம் பிறந்துவிடும். ஒரு பையில் எடுத்து மறு பையில் போட்டுக்கொள்ளட்டும், நமக்கென்ன? இரண்டு பையும் நம் சட்டையில் இருப்பதுதான் சங்கடம்.

சரி, யாரிடம் முறையிடுவது? ஒரு வரி வசூல் கவுண்டருக்குப் போனேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், 490இல் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“அண்ணாச்சி, பேரு சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க.”

“பேரு சரியாத்தாம்ப்பா இருக்கு. தொகைதான் வேற யாரு பேருலயோ இருக்கு.”

“மேல இருந்து வந்த கணக்கு அண்ணாச்சி. நாங்க என்ன செய்ய முடியும், சொல்லுங்க?”

“மேலன்னா எங்க?”

அந்தத் தம்பி விரலை உயர்த்திக் காட்டினார். அண்ணாந்து பார்த்தேன். ஃபேன் இருந்தது. சுற்றவில்லை, கரண்ட் போயிருந்தது.

அவர் மேல் தப்பில்லை. விரல் காட்டுவது இங்கே பரம்பரை உத்தியோகம். எழுத்தரைக் கேட்டால் செயல் அலுவலரைக் காட்டுவார். செயல் அலுவலர் மன்றத் தீர்மானத்தைக் காட்டுவார். மன்றத்து உறுப்பினர், அரசாணை வந்தால் கையைத் தூக்கத்தானே வேண்டும் என்று கோட்டையைக் காட்டுவார். கோட்டை டெல்லியைக் காட்டும். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதம் நிர்ணயித்து, மாநில வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்தினால்தான் உள்ளாட்சிக்கு மானியம் என்று 15ஆவது நிதிக்குழு சொல்லிவிட்டதாம். டெல்லியைக் கேட்டால் உள்ளாட்சிகள் சொந்தக் காலில் நிற்கவேண்டாமா என்று நம்மையே காட்டும். நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தன்னாட்சி தந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. முப்பது வருஷத் தன்னாட்சியில் பெற்ற முழுச் சுதந்திரம், வேறு யாரோ கூட்டிய வரியைத் தன் கையால் வசூலிப்பது.

கட்சி பார்த்துக் கோபப்படவும் வழியில்லை. 2018இல் உயர்த்தியது இன்னொரு கழகத்தின் ஆட்சி. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் வாசலுக்கு வந்ததும், நிறுத்திவைப்பதாக அறிவித்ததும் அதே ஆட்சிதான். தேர்தல் வருகிறபோது வரி நோன்பு இருக்கும், தேர்தல் முடிந்ததும் பாரணை செய்யும். இது ஒன்றில்தான் இரண்டு கழகத்துக்கும் ஒரே கொள்கை.

இனி செலவுக்கு வருகிறேன். வாசலில் இருந்தே தொடங்கலாம். சாலை போடுவார்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய சாலை. 2021 மே மாதம் தலைமைச் செயலர் இறையன்பு கண்டிப்பாகச் சுற்றறிக்கை விட்டார்: மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போடவேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் போகக்கூடாது என்று. நல்ல சுற்றறிக்கை. தெருவுக்கு வருமுன் அதன் மேலேயும் தார் ஊற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. தாத்தா கட்டிய வீட்டில் மூன்று படி ஏறி உள்ளே போவோம், இன்று ஒரு படி இறங்கிப் போகிறவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. ரோடு ஏறுகிறது, வீடு இறங்குகிறது, இறங்கிய வீட்டுக்கு வரி ஏறுகிறது.

சேரன்மகாதேவியிலிருந்து பஸ் ஏறினால் போய் இறங்குகிற இடம் நெல்லைச் சந்திப்பு. அங்கே இருந்த பேருந்து நிலையத்தைச் ‘சீர்மிகு நகரம்’ ஆக்குகிறோம் என்று 2018 இறுதியில் மூடி இடித்தார்கள். தோண்டிய மண் எங்கே போயிற்று என்று உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போயிற்று. ஆறு வருஷம் வெயிலிலும் மழையிலும் பாலத்தடியிலும் நின்று பஸ் பிடித்தோம். 2025இல் ஒருவழியாகத் திறந்தார்கள். இடிக்கும்போது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை திறக்கும்போது ஏழாம் வகுப்பு. நகரம் சீர்மிகு ஆனதோ இல்லையோ, நாங்கள் பொறுமைமிகு ஆனோம்.

அதைவிடப் பெரிய கணக்கு எங்கள் கால்வாயிலேயே இருக்கிறது. ஊரை ஒட்டி ஓடுகிற கன்னடியன் கால்வாய், ஏறத்தாழ 12,500 ஏக்கருக்குப் பாய்வது. அதன் வழியாக வெள்ளங்குளியில் தொடங்கி, கடலுக்குப் போகிற வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறு வரைக்கும் கொண்டுபோய் நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்து வறண்ட பூமிக்குக் கொடுப்பது என்று 2009இல் திட்டம் போட்டார்கள். அருமையான திட்டம், தேரிக்காட்டுக்காரன் வாழட்டும். மதிப்பீடு 369 கோடி ரூபாய். 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்துவைத்தபோது 1,060 கோடி. பதினாறு வருஷம். மாநிலம் நமக்கு விதித்த 6 சதவீதக் கூட்டு வட்டியைப் போட்டுப் பார்த்தாலும் பதினாறு வருஷத்தில் இரண்டரை மடங்குதான் வருகிறது. இது மூன்று மடங்கை நெருங்கிவிட்டது. இடையில் ஆட்சி மாறியது, வேலை படுத்தது, நில எடுப்பு இழுத்தது, விலைவாசி ஏறியது. தாமதத்துக்கு அபராதம் கட்டியவர் யார்? நாம் சொத்து வரியைத் தாமதமாகக் கட்டினால் மாதம் 1 சதவீதம் வட்டி. திட்டத்தைப் பதினாறு வருஷம் இழுத்துக் கட்டினால் திறப்பு விழா.

கன்னடியன் என்று வந்த பிறகு அந்தக் கதையைச் சொல்லாமல் எப்படிப் போவது? ஆளுக்கு ஆள் சொல்வதில் கொஞ்சம் மாறும். மலையாள நாட்டு அரசன் ஒருவனுக்குத் தீராத நோய். எள்ளால் பொம்மை செய்து, உள்ளே மணிகளை வைத்து, யாராவது தானமாக வாங்கிக்கொண்டால் நோய் தீரும். வாங்கிக்கொண்டவன் கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிராமணப் பையன். இந்த மணிகளை என்ன செய்வது என்று பொதிகையில் அகத்தியரைக் கேட்டுவர மலையேறினான். போகிற வழியில் அம்பாசமுத்திரம் கோயில் அர்ச்சகரிடம் மூட்டையைக் கொடுத்து, பத்திரமாக வைத்திருங்கள் என்றான். திரும்பி வந்து கேட்டால் மூட்டை இருக்கிறது, உள்ளே மணிக்குப் பதில் துவரம்பருப்பு! “நீ கொடுத்தது இதுதான்” என்கிறார் அர்ச்சகர். வழக்கு சத்தியத்துக்கு வந்தது. அர்ச்சகர் லேசுப்பட்டவர் இல்லை. சாமியின் சக்தியை லிங்கத்திலிருந்து வெளியே நின்ற புளியமரத்துக்கு மாற்றிவிட்டு, சந்நிதியில் தைரியமாகச் சத்தியம் செய்யத் தயாரானார். பையன் கனவில் சாமியே வந்து காட்டிக்கொடுத்துவிட்டது. “சந்நிதியில் வேண்டாம், புளியமரத்தைத் தொட்டுச் சொல்லும்” என்றான். தொட்டார், எரிந்தார். அந்தச் சாமிக்கு எரிச்சாவுடையார் என்று பெயர், இன்றைக்கும் காசிபநாதர் கோயிலில் சந்நிதி உண்டு. மீண்ட மணிகளைக் கொண்டு அந்த வெளியூர்ப் பையன் வெட்டியதுதான் கன்னடியன் கால்வாய் என்பது கதை.

கதை நிஜமா என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் செய்யட்டும். ஊர்ப்பணத்தை வாங்கிவைக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதை எங்கள் ஆற்றங்கரை எப்போதோ எழுதிவைத்துவிட்டது. நாம் கொடுப்பது மணி, நமக்கு வருவது துவரம்பருப்பு. கையில் இருப்பது முறையாக அச்சடித்த ரசீது. என் யோசனை ஒன்றுதான். வரவு செலவுத் திட்டத்தை மன்றத்தில் வாசிக்கவேண்டாம், ஒரு புளியமரத்தைத் தொட்டுக்கொண்டு வாசிக்கட்டும். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று மாநிலம் முழுக்க நூறு வருஷத்துப் புளியமரங்களைத் தேடித்தேடி ஏன் வெட்டினார்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

குப்பையிலும் இதே கதை. திடக்கழிவு மேலாண்மைக்கு என்று தனிக் கட்டணம் கட்டுகிறோம், மட்கும் குப்பை மட்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கிறோம். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர், பழவூர் பக்கம் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கிடந்தது. பிரித்துப் பார்த்தால் திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தின் காகிதங்கள். மாநில எல்லை தாண்டி, சோதனைச் சாவடி தாண்டி, எங்கள் வயல் ஓரம் வரைக்கும் கட்டணமே இல்லாமல் வந்திருந்தது. பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு விதித்தது, கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின. தீர்ப்பாயம் இல்லையென்றால் அதற்கும் நம்மிடம் பயனர் கட்டணம் கேட்டிருப்பார்கள். தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பார்க்க அதற்கு முந்தைய மாதம்தான் உயர் நீதிமன்ற நீதிபதிகள் நேரில் கரைக்கு வந்து போயிருந்தார்கள். ஆற்றைப் பார்க்க நீதிபதி வரவேண்டியிருக்கிறது. வரியைப் பார்க்க மட்டும் அலுவலர் போதும்.

சேரன்மகாதேவிக்குத் தமிழ்நாட்டு வரலாற்றில் ஒரு இடம் உண்டு. 1920களில் வ.வே.சு. ஐயர் இங்கே குருகுலம் நடத்தினார். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரம் கொடுத்தது. பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி நடக்கிறது என்று தெரிந்ததும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கிளம்பினார்கள். ஊர்ப்பணத்தில் நடக்கிற இடத்தில் எதற்கு இரண்டு பந்தி? மாகாணமே இரண்டுபட்டது. கேட்டது ஐயாயிரம் ரூபாய்க்கான கேள்வி.

இப்போது நடக்கிற பந்தியைப் பாருங்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசு என்பது 2016, 2017இல் வழக்கு நடந்தபோது ஊருக்கெல்லாம் தெரிந்த கணக்கு. லிட்டருக்கு நாலு காசுகூட இல்லை. அதே ஆற்றங்கரையில் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாளில் ஒரு லிட்டர் பாட்டிலை இருபது ரூபாய் வரைக்கும் கொடுத்து வாங்கிக் குடிக்கிறோம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முதலில் தடை விதித்தது, 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி சரி. அவர்களுக்குத் தலைவாழை இலை, நமக்குக் கிழிந்த தையல் இலை. பந்தி நூறு வருஷம் கழித்தும் இரண்டாகவே இருக்கிறது.

வரியே கூடாது என்று சொல்லவில்லை. பல வருஷமாக உயர்த்தாத வரியை என்றைக்காவது உயர்த்தத்தான் வேண்டும். விடியுமுன் சாக்கடையில் இறங்குகிற தூய்மைப் பணியாளருக்கு அந்தப் பணம் போகும் என்றால் இரண்டு மடங்காகக்கூடக் கொடுக்கலாம். ஆனால் 2025 ஆகஸ்டில், வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான். இரவோடு இரவாகத் தூக்கி அப்புறப்படுத்தினார்கள். மாநிலத்தின் ஆகப்பெரிய மாநகராட்சி அது. ஏற்றிய வரியில் அவர்கள் பங்கு ஒரு போலீஸ் வேன்.

ஆகவே என் ஆட்சேபணை தொகையின் மேல் அல்ல. ஏப்ரல் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை என்கிறார்கள், கட்டிவிடுங்கள், அந்தக் காசை ஏன் விடவேண்டும்? கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பிறகு கோர்ட் ஃபீ வில்லை ஒன்று வாங்கி ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். பொதுத் தகவல் அலுவலர் என்று விலாசம் போட்டு, மூன்றே கேள்வி எழுதுங்கள்: போன வருஷம் எங்கள் தெருவில் வசூலான சொத்து வரி எவ்வளவு? எங்கள் தெருவுக்குச் செலவழித்தது எவ்வளவு? மதிப்பீட்டைத் தாண்டிய வேலைகள் எவை, யார் ஒப்புதலில்? அந்த அக்காளிடம் பீடிக் கணக்கர் கேட்கிற கேள்விகள்தான், வேறொன்றும் இல்லை. முப்பது நாளில் பதில் சொல்லவேண்டும் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம். சொல்லாவிட்டால் மேல்முறையீட்டுக்குக் கட்டணமும் கிடையாது. ஒருவர் எழுதினால் கோப்புக்குள் போகும், ஒரு தெருவே எழுதினால் கோப்பு வெளியே வரும். அந்த மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். 2005இல் சட்டம் வந்த காலத்திலிருந்து, எனக்குத் தெரிந்து, ஏறாமல் இருக்கிற கட்டணம் அது ஒன்றுதான்.